தண்ணீர் வார்த்த அன்று

வெள்ளைச் சேலையில்தான் எங்கள் தெருப் பெண்களுக்கும் புத்தருக்கும் முதல் தகராறு வந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எல்லாரும் வெள்ளை உடுத்தி வரவேண்டும் என்று மன்றத்து ஆம்பளைகள் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். அவர்களுக்கென்ன, வேட்டி எப்போதும் வெள்ளைதான். தாலி கட்டிய பொம்பளை, அதிலும் கடலுக்குப் போயிருக்கிற ஆளின் பெண்டாட்டி, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நான் தையல் கடை வைத்திருப்பவள். எல்லாரும் என்னிடம் வந்துதான் புலம்பினார்கள். சேலை ஓரத்தில் சிவப்பிலோ நீலத்திலோ விரற்கடை அகலத்துக்கு ஒரு பார்டர் வைத்துத் தைத்துக் கொடுத்து, அந்தச் சண்டையை நான்தான் ஓயவைத்தேன்.

மன்றம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற ரோட்டில் பழைய உப்புக் கிட்டங்கி ஒன்றைச் சுத்தம் செய்து, தகரம் மாற்றி, சிமெண்ட் மேடை கட்டி, அதன்மேல் வெள்ளைக்கல் புத்தரை உட்காரவைத்திருக்கிறோம். பக்கத்துச் சுவரில் நீலக் கோட்டும் கண்ணாடியும் போட்டவர் படம். எங்கள் அப்பா காலத்தில் முப்பது நாற்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து இந்த வழிக்கு வந்தார்கள். மற்ற சாமிகளையெல்லாம் தூரத்தில் நின்று கும்பிட வேண்டியிருந்தது, இவரை முன்னால் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கலாம் என்பார் அப்பா. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் புத்தருக்குப் பின்னால் சுவரில் உப்பு பூத்துக்கொண்டேதான் இருக்கும். ஊரில் அதற்குப் பெயர் புத்தர் ஷெட்.

எங்களுக்கென்று பிக்கு கிடையாது. பாலி மொழி எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. மன்றத்துத் தலைவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்; தெரு முழுக்க அவரைக் கிரேன் மாமா என்றுதான் கூப்பிடும். அவர் செல்போனில் ஓதும் பாட்டை ஓடவிட்டு ஸ்பீக்கரில் மாட்டுவார், நாங்கள் பின்னால் சொல்லுவோம். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு செல்போன்தான். யாராவது இறந்துபோனால் இடுகாட்டிலும் அதே பாட்டை ஓடவிட்டு, ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தலைமுழுகுவோம். அதற்கு மேல் முறை என்ன, சடங்கு என்ன என்று எங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

ஆனால் பெண்கள் நாங்கள் எங்கள் முறை ஒன்றை உள்ளே கொண்டுவந்துவிட்டோம். வைகாசிப் பௌர்ணமிக்கு ஷெட்டு வாசலில் பால்சோறு பொங்குவோம். பானையில் பால் நுரை கட்டி ஏறி விளிம்பைத் தாண்டி வழிகிறபோது குலவை போடுவோம். "ஏளா, இது என்ன கோயில் கொடையா? இங்கன குலவை எதுக்கு?" என்று கிரேன் மாமா வருடா வருடம் கத்துவார். "புத்தருக்குக் குலவை புடிக்காதுன்னு ஒங்ககிட்ட வந்து சொன்னாராக்கும்?" என்று என் தம்பி பெண்டாட்டி வருடா வருடம் கேட்பாள். உடன்குடிப் பக்கத்துப் பெண் அவள். அவள் நாக்கைச் சுழற்றிக் குலவை எடுத்தால் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவள் எடுக்க, மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்வோம். எது பொங்கி வழிந்தாலும் அவளுக்குக் குலவை போட்டாக வேண்டும். ஒருநாள் என் கடையில் டீத் தண்ணி பொங்கி அடுப்பு அணைந்ததற்குப் போட்டாள். நான் கரண்டியைத் தூக்கிக்கொண்டு விரட்டினேன்.

என் தம்பி தோணியில் பண்டாரி. தோணி என்று நாங்கள் சொல்வது மீன்பிடிப் படகை அல்ல. வெங்காயம், அரிசி, செங்கல் எல்லாம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருகிற பெரிய மரக்கலத்தை. பண்டாரி என்றால் அதில் சமையல்காரன். தோணியில் மற்ற எல்லாரும் கடற்கரைத் தெருக்காரர்கள், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். இவன் ஒருத்தன்தான் எங்கள் ஆள். "எங்க தாத்தா கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிக்க நாதி கிடையாது. இன்னைக்கு நான் வச்ச கொழம்பைத் தண்டல் வெரலை நக்கித் திங்காரு, தெரியுமா?" என்பான். தண்டல் என்பவர் தோணிக்குத் தலைவர். இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும், கலெக்டர் ஆனவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். "போலே, பெரிய பண்டாரி. வீட்டுல ஒரு நாளு வடிச்சுக் கொட்டு பாப்போம்" என்பேன்.

அந்த வருடம் வைகாசிக்குக் கொஞ்சம் முன்னால் கடைசி நடை போனான். அதற்குப் பிறகு கடல் மாறிவிடும், தோணிகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புகிறோம் என்று மாலே துறைமுகத்திலிருந்து பேசினான். அடுத்த நாள் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொன்னார்கள். அதன்பிறகு ஒரு வாரமாகத் தோணியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. வயர்லெஸ் செட்டில் கூப்பிட்டால் பதில் இல்லை என்று முதலாளி ஆபீசில் சொன்னார்கள். கப்பல் போகிறது தேட, விமானம் போகிறது தேட என்றார்கள். தம்பி பெண்டாட்டி செல்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மணி அடித்தால் நடுங்கி, அடிக்காவிட்டால் எடுத்துப் பார்த்து, அந்த ஒரு வாரத்தில் பாதியாகிப்போனாள். வாசலில் யார் நடந்தாலும் தையலைப் போட்டுவிட்டு எழுந்து எட்டிப் பார்த்தேன். தம்பி உசிரோடு வீடு வந்து சேரவேண்டும். அதைத் தவிர வேறு எந்த நினைப்பும் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் கடைக்கு வந்தாள். கையில் வெள்ளைச் சேலை.

"மைனி, இந்த பார்டரைப் பிரிச்சிருங்க."

"எதுக்குளா?"

"நாளைக்கு நெசமான பிக்கு வாராருல்லா."

அது நிஜம்தான். இலங்கையிலிருந்து சென்னைக்கு வந்திருந்த பிக்கு ஒருவர் எங்கள் ஊருக்கும் வரச் சம்மதித்திருந்தார். ஷெட்டுக்கு முதல்முதலாக ஒரு பிக்கு வருகிறார். அவரைப் பந்தே என்றுதான் மரியாதையாகச் சொல்லவேண்டும் என்று கிரேன் மாமா எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார். காலையில் வந்து ஓதிவிட்டு, மத்தியானத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ரயிலேறிவிடுவார்.

"வந்தா என்ன? அவரு ஒன் பார்டரையா பாக்கப்போறாரு?"

"எல்லாம் சரியாச் செய்யணும் மைனி. நாம அரைகொறையாவே செஞ்சிட்டோம். நான் செவப்பு வச்சு ஏமாத்திக் கட்டுனதுனாலதான் அவியளுக்கு இப்பிடி ஆயிட்டோன்னு இருக்கு."

"சீ, மூதி. வாயைக் கழுவு. அவனுக்கு என்ன ஆயிட்டு? ஒண்ணும் ஆகலை" என்று கத்தினேன். அவள் சேலையை என் மடியில் போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். நான்தான் பிரித்தேன். நான் போட்ட தையல், அத்தனை சீக்கிரம் பிரியாது. அன்றைக்கு ஒரு நுனியைப் பிடித்து இழுத்ததும் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. சிவப்புத் துணியைச் சுருட்டி மெஷின் டிராயரில் போட்டு மூடினேன்.

மறுநாள் காலையில் காற்றே இல்லை. எங்கள் ஊரில் வைகாசியில் காற்று இல்லாமல் இருக்காது. மண்ணை வாரி மூஞ்சியில் அடிக்கும். அன்றைக்கு வேப்பமரத்து இலை ஒன்று அசையவில்லை. உப்பளத்துத் தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது. நான் தம்பி வீட்டுக்குப் போனபோது கிரேன் மாமாவின் சம்சாரம் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். தட்டில் இட்லி.

"ரெண்டே ரெண்டு தின்னுட்டுப் போளா. கண்ணு இருட்டிட்டு வரும்" என்று தம்பி பெண்டாட்டியைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"பூசை முடியாம எப்பிடி அத்தை?"

"புத்தரு கோவிச்சுக்கிட மாட்டாரு. தின்னு."

பௌர்ணமியன்று பூஜை முடிகிறவரை காபிக்கு மேல் எதுவும் வாயில் படக்கூடாது என்று எங்களுக்கெல்லாம் சட்டம் போட்டவளே அவள்தான். போன வருடம் நான் கடையில் ஒரு முறுக்கைக் கடித்ததற்கு மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஏசினாள். இன்றைக்கு என்ன இவளுக்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. தம்பி பெண்டாட்டி தின்னவில்லை. மாமி எழுந்து போகும்போது, "செல்லுல சார்ஜ் இல்லை போலிருக்கே, எங்க வீட்டுல போட்டுத் தாரேன்" என்று அவள் செல்போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். கரண்டு தம்பி வீட்டிலும்தான் இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஷெட்டுக்கு நடந்தோம். பார்டர் இல்லாத வெள்ளையில் அவளை எனக்கு ஏறிட்டுப் பார்க்கவே மனசு வரவில்லை. ரோட்டைத் தாண்டும்போது கடற்கரைத் தெருப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. சரவெடி. அது ஓய்வதற்குள் மாதா கோயில் மணி அடித்தது. அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மைனி, கேட்டியளா? வெடி போடுதாவ."

"கல்யாணமா இருக்கும்."

"தண்டல் வீடு இருக்க தெரு மைனி அது. தோணி கெடச்சிட்டு. நான் சொல்லுதேன் பாருங்க, கெடச்சிட்டு."

என் செல்போனை எடுத்து முதலாளி ஆபீசுக்குப் போட்டேன். எடுத்த பையன், நான் இன்னாரின் அக்கா என்று சொன்னதும் குரலைத் தாழ்த்தினான். பிறகு, "கிரேன் மாமாட்ட காலையிலயே சொல்லிட்டோம்க்கா. அவருகிட்ட கேட்டுக்கிடுங்க" என்று வைத்துவிட்டான். நல்ல சேதி சொல்லுகிறவன் அப்படியா வைப்பான் என்று நினைத்தேன். நினைத்ததை அவளிடம் சொல்லவில்லை.

ஷெட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. எப்போதும் பெண்கள் முதலில் வருவோம். ஆம்பளைகள் ஓதல் பாதி நடக்கும்போது ஒவ்வொருத்தராக வந்து பின்னால் நிற்பார்கள். அன்றைக்கு அத்தனை ஆம்பளைகளும் முன்னாலேயே வந்து, குளித்து, வெள்ளை உடுத்தி, கைகட்டி நின்றார்கள். ஒருத்தரும் எங்களை நேராகப் பார்க்கவில்லை. வழக்கமாக, "வாங்க டைலர் அக்கா, எங்க சட்டை தீபாவளிக்காவது வருமா?" என்று வம்பிழுக்கிறவன்கூடத் தலையைக் குனிந்து வழி விட்டான். பால்சோற்றை ஏற்கெனவே அடுப்பிலிருந்து இறக்கி மூடி வைத்திருந்தார்கள்.

"பாலு எப்பம் பொங்கிச்சு? யாரு குலவை போட்டா?" என்று கேட்டாள் அவள்.

பானைப் பக்கத்தில் இருந்தவள் மூடியை அழுத்தி வைத்தாள். மைக் செட்டுக்காரன் வயரைச் செருகிக்கொண்டிருந்தான். அது கிர்ரென்று கத்தியது. "சவத்து மைக்கு..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். எங்கள் ஊரில் மைக்கும் சவம், கரண்டும் சவம், வெயிலும் சவம். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தவனை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் கிரேன் மாமாவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "மாமா, வெடி போடுதாவளே, என்ன சேதி? தோணி கெடச்சிட்டா?"

"சேதி கெடச்சிட்டு. தோணி முங்கிட்டு, ஆளுகளைக் கப்பல் ஒண்ணு ஏத்திட்டு. இப்பம் மாலேல எறக்கியிருக்காவ."

"தம்பி?"

"பூசை முடியட்டும். பந்தே காத்துக்கிட்டு இருக்காரு. அவளை மொதல்ல எதாவது குடிக்கச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

ஆட்களை ஏற்றிவிட்டார்கள் என்று சொன்னார் அல்லவா? ஆட்கள் என்றால் அதில் என் தம்பியும் உண்டுதானே? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒரு மூலையில் தள்ளிவைத்துவிட்டு, அவளிடம் போய், "கப்பல்ல ஏத்திட்டாவளாம்" என்று சொன்னேன். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் பல்லைப் பார்த்தேன். "வரட்டும் மைனி அவிய. இனிமே தோணிப் பக்கம் போனா காலை ஒடிச்சிருதேன்" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் சேதி போயிருக்கிறது என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

பிக்கு வந்து மேடையில் உட்கார்ந்தார். நடுவயது. மெலிந்த ஆள். தமிழ் கொஞ்சம் பேசினார், இலங்கைத் தமிழ். முன்னால் ஒரு மண்குடத்தில் தண்ணீர் வைத்து, அதன் கழுத்தில் வெள்ளை நூலைச் சுற்றி, நூல்கண்டை எங்களிடம் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி ஷெட்டு முழுக்கப் போனது. எல்லாரும் அந்த ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு உட்காரவேண்டும், ஓதி முடிகிறவரை விடக்கூடாது என்றார். செல்போனில் கேட்ட அதே பாட்டுத்தான். ஆனால் மனிதர் வாயிலிருந்து வரும்போது வேறு மாதிரி இருந்தது. தகரக் கூரை சூடேறி டிக் டிக்கென்று சத்தம் போட்டது. நூல் என் விரலில் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. அவள் கையிலிருந்து வருகிற நடுக்கம் என்று முதலில் நினைத்தேன். பார்த்தால் அவள் கை அசையாமல் இருந்தது. எனக்கு அந்தப் பக்கம் கிரேன் மாமா பிடித்திருந்த இடத்திலிருந்து வந்தது.

ஓதி முடிந்ததும் நூலை அறுத்து ஒவ்வொருத்தர் மணிக்கட்டிலும் கட்டினார்கள். பெண்களைப் பிக்கு தொடக்கூடாதாம். எங்களுக்குக் கிரேன் மாமி கட்டிவிட்டாள். தம்பி பெண்டாட்டி தன் கையில் கட்டியதும் எழுந்து மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாமி, அவியளுக்கும் ஒரு நூல் வேணும். வந்ததும் கட்டிவிடுதேன்."

பிக்குவுக்குப் புரியவில்லையோ என்னவோ, கிரேன் மாமாவைப் பார்த்தார். கிரேன் மாமா தரையைப் பார்த்தார். பிக்கு ஒரு துண்டு நூலை அறுத்துத் தட்டில் வைத்தார். அவள் எடுத்துத் தலைப்பு நுனியில் முடிந்துகொண்டாள்.

பிக்குவுக்குச் சாப்பாடு பரிமாறி, அவர் உண்டு முடித்தார். கிளம்பப்போகிறார் என்று நினைத்தோம். அவர் ஒரு பித்தளைக் கூஜாவும், ஒரு கிண்ணமும், கிண்ணத்துக்குக் கீழே வைக்க ஒரு தட்டும் கேட்டார். எல்லாம் ஏற்கெனவே கழுவித் தயாராக இருந்தன. கிரேன் மாமா எங்களைக் கூப்பிட்டார். "நீங்க ரெண்டு பேரும் வாங்கம்மா. கூஜாவைப் பிடிச்சுக்கிட்டு, பந்தே சொல்லச் சொல்ல மெதுவா ஊத்தணும். கிண்ணம் நெறைஞ்சு வழியணும். நிறுத்தக்கூடாது."

"இது எதுக்கு மாமா?" என்றேன்.

"புண்ணியம் போய்ச் சேர" என்றார்.

அதை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. பாட்டு செல்போனிலிருந்து வரும், தண்ணீர் வார்க்கக் கை வேண்டுமே. யாருக்காக வார்ப்பார்கள், எப்போது வார்ப்பார்கள் என்று ஷெட்டில் பிக்குவுக்கும் கிரேன் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் கூஜாவைப் பிடித்தாள். நான் அவள் கையைத் தாங்கிப் பிடித்தேன். கிரேன் மாமி என் தோளைத் தொட்டாள். மாமியின் தோளை அடுத்தவள், அவள் தோளை இன்னொருத்தி என்று ஷெட்டிலிருந்த அத்தனை பேரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு இருமல் இல்லை. பிக்கு தாழ்ந்த குரலில் ஓதினார். தண்ணீர் கம்பி மாதிரி இறங்கியது. அவள் அத்தனை கவனமாக ஊற்றினாள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நெற்றியில் வியர்வை. உதட்டில் சிரிப்பு இன்னும் இருந்தது. கிண்ணம் கால் நிறைந்தது, பாதி நிறைந்தது, விளிம்பில் தண்ணீர் உப்பி நின்றது, வழிந்தது.

அவள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள்.

தகரக் கூரையில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது. பிக்குவின் ஓதல் பாதியில் நின்றது. என் தோளில் இருந்த மாமியின் கை இறுகியது. எப்போதும் அவள் ஆரம்பித்ததும் சேர்ந்துகொள்கிற அத்தனை பெண்களும் வாயைத் திறக்காமல் நின்றார்கள். அவள் ஒரு மூச்சு போட்டாள், மறுமூச்சும் போட்டாள், நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் யாரும் போட மாட்டேங்கிய? வழிஞ்சிட்டுல்லா?"

ஒருத்தி தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"மைனி, நீங்களாவது போடுங்க" என்றாள் என்னிடம்.

எனக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டது. இட்லி புரிந்தது, செல்போன் புரிந்தது, தலை குனிந்து வழிவிட்டவன் புரிந்தது. என் தம்பி செத்துப்போனான் என்று எனக்குத் தெரிந்தது. அவள் கண்ணில் இன்னும் அது ஏறவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், தனியாக நின்றாள். நான் என்ன செய்வேன்? நாக்கைத் தூக்கினேன். நானும் குலவை போட்டேன். என் கூடப் பிறந்தவனுக்கு நான் குலவை போட்டேன். அதைக் கேட்டதும்தான் கிரேன் மாமா உடைந்துபோய், தலையில் அடித்துக்கொண்டு, "போதும்ளா, போதும். நிறுத்துங்க. அவன் இல்லைம்மா. மத்த எல்லாரும் பொழச்சிட்டாவ, அவன் மட்டும் இல்லை" என்று மேடையோரம் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ராத்திரிக் கஞ்சிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தானாம். அலை சமையல் கட்டோடு அவனை அள்ளிக்கொண்டு போனதைத் தண்டல் கண்ணால் பார்த்தாராம். கப்பல்காரர்கள் தேடிப் பார்த்துவிட்டு, இனி இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். உடம்பு கிடைக்காது. மண் போட ஒன்றும் இருக்காது. பந்தே மத்தியானத்துக்கு மேல் போய்விடுவார், இனி எப்போது ஒரு பிக்கு வருவார் என்று தெரியாது. முதலில் சொல்லிவிட்டால் அவளால் கூஜாவைத் தூக்க முடியாது. இறந்தவர்களுக்காக வார்க்கிற தண்ணீர் அது, பெண்டாட்டி கையால் அவனுக்கு அந்த ஒன்றாவது முறைப்படி நடக்கட்டும் என்று நினைத்தேன் என்றார். குடும்பத்துக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் பிக்குவும் ஓதினாராம்.

அவர் நினைத்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இப்போதும் ரோட்டில் எதிரே வந்தால் நான் அந்தப் பக்கம் மாறிப் போய்விடுவேன். ஊரே சேர்ந்து ஒருத்தியிடம் ஒரு சாவை மறைத்து, அவள் கையாலேயே தண்ணீரும் வார்க்கவைத்த பிறகு, எப்படி முகம் கொடுத்துப் பேசுவது? ஆனால் என் தம்பிக்கு நடந்த சடங்கு அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அவனுக்கு எதுவும் நடக்கவில்லை.

அவள் அழவில்லை. நான் கத்தி ஓய்ந்து திரும்பிப் பார்த்தபோது கூஜாவைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள். பிக்குவைப் பார்த்துக் கேட்டாள்.

"சாமி, அப்பம் இந்தத் தண்ணி அவியளுக்கா?"

பிக்கு எழுந்து நின்றார். "ஓம் அம்மா. அவருக்குத்தான்."

"போய்ச் சேருமா?"

"சேரும்."

அவள் கூஜாவுக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. குனிந்து உட்கார்ந்து, ஏற்கெனவே நிறைந்திருந்த கிண்ணத்தில் அதையும் ஊற்றினாள், மெதுவாக, கடைசிச் சொட்டு விழுகிறவரை. தண்ணீர் கிண்ணத்திலிருந்து தட்டுக்கு வந்து, தட்டிலிருந்து பாய்க்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் முழங்காலை நனைத்தது.